லயத்து வாசலுக்கு வரவேண்டிய கைவினை நூல்கள்

பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனப் பதுளை மாவட்டமெங்கும் பரந்து கிடக்கும் பெருந்தோட்டங்களின் லயத்து வீடுகளில் புத்தக அலுமாரி ஒன்றைக் காண்பது அரிது. கையடக்கத் தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது இன்று அதனினும் அரிதாகிவிட்டது. பாடப்புத்தகத்திற்கு அப்பால் ஒரு நூலையேனும் சொந்தமாக வைத்திராத குடும்பத்தின் கையில், பல நூலகங்களைத் திறக்கக்கூடிய கருவியொன்று இருக்கின்றது. ஆயினும் அக்கருவி பெரும்பாலும் பேசுவதற்கும் படம் பார்ப்பதற்குமே பயன்படுகின்றது. தையல், பின்னல், சாயமிடல், கூடை முடைதல், சித்திரம் போன்ற கைவினைகளை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்களிலிருந்து நம்மவர்கள் கற்க முடியுமா, முடியுமெனில் இடையில் நிற்கும் தடை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைவினை கற்பதற்கு இணையத்தில் ஒளிப்படக் காட்சிகள் நிறைந்திருக்கையில் நூல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டப்புறத்தின் நிலையை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒரு மணிநேரக் காட்சியைப் பார்ப்பதற்குப் பல நூறு மெகாபைட் டேட்டா செலவாகும். எழுத்து மட்டும் கொண்ட மின்னூலுக்கு ஒரு மெகாபைட் கூடத் தேவைப்படாது. படங்கள் நிறைந்த நூலாயினும் சில பத்து மெகாபைட்டுகளுள் அடங்கிவிடும். ஒருமுறை தரவிறக்கம் செய்தால் போதும். பின்னர் அலைவரிசை இல்லாத இடத்திலும் வாசிக்கலாம், அயல் வீட்டாரின் தொலைபேசிக்கும் செலவின்றி மாற்றிக் கொடுக்கலாம். கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர்கள் இணையத் தொடர்புக்காகக் காட்டு வழியே நடந்து பாறையிலும் மரங்களிலும் ஏறி அமர்ந்திருந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது நினைவிருக்கலாம். அத்தகைய மாவட்டத்தில், தொடர்பு அறுந்த பின்னரும் கையில் தங்குவது எதுவோ அதுவே கற்பதற்கு உகந்தது.

இனி, இவ்வாறு கிடைக்கும் நூல்களில் ஒன்றின் வரலாற்றை நோக்குவோம். அது நமது மலைநாட்டோடு நாம் எண்ணிப் பாராத வகையில் தொடர்புடையது.

சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி 1903ஆம் ஆண்டு முதல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாக இருந்தார். பாறைகளைத் தேடி ஊர்ஊராகச் சென்ற அவர், முன்னைய கண்டி இராச்சியப் பகுதிகளில் எஞ்சியிருந்த கைவினைஞர்களையும் கண்டார். இன்றைய ஊவா மாகாணமும் அவ்விராச்சியத்தைச் சேர்ந்ததே. இயந்திரப் பொருள்களின் வரவால் அக்கைவினைகள் அழிந்துவருவதை உணர்ந்து, மரவேலை, உலோகவேலை, நெசவு, பாய் இழைத்தல் முதலியவற்றை விரிவாகப் பதிவு செய்தார். அதுவே ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலாக 1908இல் இங்கிலாந்தில் அச்சேறியது. அச்சிடப்பட்டவை 425 பிரதிகள் மாத்திரமே. நமது பாட்டன்மார் காலத்தில் அந்நூலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு இந்நாட்டில் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்? இன்று அதன் பக்கங்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் எவரும் புரட்டக்கூடியவாறு கிடக்கின்றன.

அந்நூலுக்கான ஒளிப்படங்களை எடுத்தவர் அவரது துணைவியார் எதெல் ஆவார். 1907 வரை இலங்கையில் தங்கியிருந்து நெசவையும் பூவேலையையும் நேரிற் கண்ட அப்பெண்மணி, பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவாளராக விளங்கினார். அவர் 1916இல் வெளியிட்ட தாவரச் சாயங்கள் பற்றிய சிறுநூல், 1971இல் தொடங்கப்பட்ட குட்டன்பேர்க் திட்டத்தின் மின்னூல்களுள் ஒன்றாக இன்று இலவசமாகக் கிடைக்கின்றது. நமது மண்ணின் கைவினைஞர்களைப் பார்த்துப் பழகிய ஒருவரின் அறிவு, கடல் கடந்து நூலாகி, நூறாண்டுகளுக்குப் பின்னர் நமது தொலைபேசியில் வந்து நிற்கின்றது. ஆனால் ஆங்கிலத்தில் நிற்கின்றது என்பதுதான் சிக்கல்.

இந்நூல் போதிக்கும் அடிப்படை எளிதானது. பூவையோ வேரையோ கொதிக்கவைத்துத் துணியை முக்கினால் மட்டும் நிறம் நிலைக்காது. சாயத்தை இழையிற் பற்றவைக்கும் ஒரு பொருள் வேண்டும். அதனைச் சாயமூன்றி என்பர். கடையில் வாங்கக்கூடிய படிகாரம் அவற்றுள் பாதுகாப்பானதும் மலிவானதுமாகும். கம்பளி படிகாரத்தை எளிதில் ஏற்கும். பருத்தியோ அவ்வாறன்று, அதனை முதலில் ‘தனின்’ என்னும் துவர்ப்புப் பொருளில் ஊறவைத்தல் வேண்டும். ஐரோப்பியச் சாயக்காரர்கள் இதற்கென மாசிக்காயையும் கடுக்காயையும் விலைகொடுத்து இறக்குமதி செய்தனர். தனின் எதில் நிறைந்திருக்கின்றது என்று தேயிலை மலையில் வாழ்பவரிடம் கேட்க வேண்டுமா? தேநீரின் துவர்ப்பே அதற்குச் சான்று. வடித்த பின்னர் வாசலில் கொட்டும் தேயிலைச் சக்கையை மீண்டும் கொதிக்கவைத்தாலே பருத்தித் துணியைப் பதப்படுத்தத் தேவையான துவர்ப்பு ஓரளவு கிடைத்துவிடும்.

இக்கட்டுரையாளர் ஒரு பழைய வேட்டித் துண்டில் இதனைச் சோதித்துப் பார்த்ததுண்டு. கடுஞ்சாயத் தேநீரில் ஓரிரவு ஊறிய துணி தவிட்டு நிறம் பெற்றது. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாட்கள் வினாகிரியில் இட்டுப் பெற்ற நீரில் அதனைத் தோய்த்தபோது, கண்ணெதிரே சாம்பல் நிறமாகி, பின் கருமையை அண்மித்தது. இரும்பும் தனினும் சேர்ந்தால் கருமை பிறக்கும். பண்டைய ஐரோப்பிய எழுதுமையும் இதே வழியில் ஆக்கப்பட்டதே. இரும்பு மிகுந்தால் துணி நைந்துவிடும் என்பதையும் அத்துண்டே கற்பித்தது. வெங்காயத் தோல் படிகாரத்துடன் சேர்ந்து மஞ்சள் கலந்த செம்மையைத் தரும். பிக்குமாரின் காவியுடைக்கு நிறமூட்டிய பலாமரத்து வைரம் மஞ்சளைத் தரும். சமையல் மஞ்சள் அழகாகப் பற்றினாலும் வெயிலில் விரைவில் வெளிறிவிடும். படிகாரத்தின் அளவு, நூறு கிராம் உலர்ந்த பருத்தித் துணிக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் எனக் கொள்ளலாம். குளிர்ப் பிரதேசமான நமது பகுதியில் விற்பனையாகும் பின்னல் நூலில் பெரும்பகுதி செயற்கை இழையாகும். அதில் தாவரச் சாயம் பற்றாது. இதனை 1916ஆம் ஆண்டு நூல் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது, அந்த இழை அன்று பிறந்திருக்கவில்லை.

பழைய மின்னூல்களைக் கையாள்வோர் மனங்கொள்ள வேண்டிய எச்சரிக்கையும் இவ்விடத்தேதான் எழுகின்றது. அக்காலச் சாய நூல்கள் பொற்றாசியம் இருகுரோமேற்று, வெள்ளீய உப்பு போன்றவற்றையும் சாதாரணமாகப் பரிந்துரைக்கின்றன. குரோமியச் சேர்வை புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. லயத்து அறையொன்றில், சமைக்கும் அடுப்பிலேயே அதனைக் கொதிக்கவைப்பது எத்துணை ஆபத்தானது! எனவே படிகாரத்தோடும் சிறிதளவு இரும்போடும் நிறுத்திக்கொள்வதும், சாயப் பாத்திரத்தைச் சமையற் பாத்திரத்திலிருந்து வேறாக வைத்திருப்பதும் கட்டாயமாகும். உரிமைக்காலம் முடிந்ததால் இலவசமாகக் கிடைக்கும் நூல், அறிவிலும் நூறாண்டு பின்தங்கியிருக்கும் என்பதை மறத்தலாகாது. அளவைகளும் அவ்வாறே. ஓர் இறாத்தல் 454 கிராம். ஓர் ஆங்கிலக் கலன் ஏறத்தாழ நாலரை லீற்றர். கொழுந்தை இறாத்தலில் நிறுத்த காலத்து முதியவர்களுக்கு இது புதிதன்று. கணக்குத் தடுமாறுவது பேரப்பிள்ளைகளுக்கே.

சாயத்தைவிடப் பின்னல் இலகுவாகப் பரவக்கூடியது. ஒரு கொக்கி ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும். பதுளை நகரிலும் குருத்தலாவையிலும் வாழும் முஸ்லிம் சகோதரர்கள் தொழுகைக்கு அணியும் பின்னல் தொப்பியை எடுத்துக்கொள்வோம். சிறு வளையத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சம இடைவெளியில் ஆறு கண்ணிகளைக் கூட்டிச் சென்றால் தட்டையான வட்டம் கிடைக்கும். தலையின் அளவுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் தானாகவே சுவராக மடியத் தொடங்கும். இந்த நுட்பத்தை அறிந்தவர் கடையில் வாங்கும் தொப்பியை அவிழ்த்துப் பார்த்தே வேறு மாதிரிகளை ஆக்கிவிடுவார். 1886இல் தெரேஸ் த டில்மோன் என்பவர் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியம், நூற்றுக்கணக்கான வரைபடங்களுடன் குட்டன்பேர்க் திட்டத்தில் உள்ளது. வரைபடத்திற்கு மொழி வேண்டியதில்லை என்பதால் ஆங்கிலம் தெரியாதவரும் இதிற் பெருமளவு பயன்பெறலாம். ஆயினும் ஒரு பொறி இருக்கின்றது. பிரித்தானிய நூல் ‘இரட்டைப் பின்னல்’ எனக் குறிப்பதை அமெரிக்க நூல் ‘ஒற்றைப் பின்னல்’ என்கிறது. இதனை அறியாது இரு நூல்களையும் கலந்து பின்னியவரின் தொப்பி, தலைக்குப் பதில் பூச்சட்டிக்குப் பொருந்தும்!

தமிழில் இத்தகைய மின்னூல்கள் இல்லையா என்ற வினா எழுவது இயல்பே. தமிழ் மின்னூல் முயற்சி இளையதன்று. சுவிற்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கும் நூலகம் திட்டம் 2005இல் ஆரம்பமாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த வடுவைச் சுமக்கும் சமூகத்திற்கு அதன் அருமை விளங்கும். மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் வெளியிட்ட நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. 2013 முதல் ‘பிரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளமும் கட்டற்ற உரிமத்தில் நூல்களை வழங்குகின்றது. இவற்றில் இலக்கியமும் சமயமும் வரலாறும் செழித்திருக்க, கைவினை ஒதுங்கியே நிற்கின்றது. கை செய்யும் வேலையை நூலுக்குரிய பொருளாக நமது கற்றோர் கருதாததே இதற்குக் காரணம் என்பது எமது எண்ணம்.

நம்மவர் கண்டுகொள்ளாத ஒரு களஞ்சியமும் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடசாலைப் பாடநூல்களைத் தமிழிலும் மின்வடிவில் இலவசமாக வழங்குகின்றது. மனைப்பொருளியல், சித்திரம், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் ஆகிய பாடங்களின் நூல்கள் மாணவருக்கு மட்டுமன்றி, பாடசாலையை இடையில் விட்ட தாய்மாருக்கும் ஏற்றவை. பரீட்சை எழுதாதவர் பாடநூலை வாசிக்கலாகாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மொழிபெயர்ப்புக்கும் சட்டத் தடை ஏதும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமையைக் காக்கின்றது. குமாரசுவாமி மறைந்தது 1947இல்; எதெல் மைரே மறைந்தது 1952இல். ஆகவே இருவரின் நூல்களையும் எவரிடமும் அனுமதி கோராது தமிழாக்கலாம், படங்களைச் சேர்க்கலாம், நஞ்சுப் பொருள்களை நீக்கிக் குறிப்பெழுதலாம். ஆங்கிலம் கற்ற ஆசிரியர் ஒருவரும் தட்டச்சு அறிந்த மாணவர் இருவரும் ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடக்கூடிய பணி அது. 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப்பாடமாகவே கற்பிக்கின்றது. தேயிலைச் சாயம் பற்றிய குறிப்புகளைச் சரிபார்க்க அறிஞரைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை.

கைவினை கற்றால் தோட்டத்து வறுமை தீரும் என்று கூறுவது மிகையாகும். சந்தைக்குப் போகும் பொருளுக்குத் தரமும் மூலதனமும் வாங்குவோரும் வேண்டும். மருதமுனை நெசவாளர் போன்று தலைமுறைகளாகத் தொழிலில் ஊறியவர்களே நூல் விலையோடு போராடுகின்றனர். எனினும் நாள் முழுவதும் நிறைக்காகக் கொழுந்து பறித்த கைகள், தமக்கென ஒன்றைத் தாம் விரும்பிய நிறத்தில் செய்வதற்குச் சந்தையின் அனுமதி தேவையில்லை.

பிறர் நூலை நாம் வாசிப்பது ஒருபுறமிருக்க, நமது கைவினை எங்கே எழுதப்பட்டுள்ளது என்ற கேள்வி நம்மைச் சுடுகின்றது. மலையகப் பெண்ணின் அடையாளமாகவே உலகம் கண்ட கொழுந்துக் கூடையை முடையும் முறையைப் படிப்படியாக விளக்கும் தமிழ் நூலொன்றைத் தேடினோம். எமது கண்ணிற் படவில்லை. பல தோட்டங்களில் நைலோன் பைகள் வந்துவிட்டன. கூடை உல்லாசப் பயணிகளின் ஒளிப்படத்திற்காக மட்டும் எடுக்கப்படும் பொருளாகி வருகின்றது. காமன் கூத்துக்கான ஒப்பனைப் பொருள்களும், தப்புக்குத் தோல் கட்டும் முறையும் இதே நிலையிலேயே உள்ளன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களும் மனிதரும் புதையுண்டதை நாம் கண்டோம். எழுதிவைக்கப்படாத திறமை அதனை அறிந்தவருடனேயே போய்விடுகின்றது.

குமாரசுவாமியிடம் இருந்தது பாரமான ஒளிப்படக் கருவியும் மாட்டுவண்டிப் பயணமும். இன்று மூங்கிலைச் சிம்பாகக் கீறுவது முதல் விளிம்பு கட்டுவது வரை இருபது படங்களைத் தொலைபேசியில் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் முடைபவரின் சொற்களிலேயே இரண்டு வரி எழுதிச் சேர்த்தால் அது ஒரு மின்னூலாகிவிடும். எந்தப் பருவத்து மூங்கில் வளையும், அடிப்பாகம் எத்தனை சிம்புகளுடன் தொடங்குகின்றது, தலைக்கயிறு எந்த வரியில் முடியப்பட்டால் பாரம் கழுத்தை இழுக்காது என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர்.