கதவு, சாளரக் கலைச்சொற்கள்: பொருள் எல்லையும் சொல் தேர்வும்

முன்னுரை

கட்டடக் கலைச்சொற்களை ஆக்குவோர் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே தொடங்குகின்றனர். ஆங்கிலச் சொல்லின் பொருள் எல்லையும் அதற்கு ஈடாகக் கொள்ளும் தமிழ்ச் சொல்லின் பொருள் எல்லையும் ஒன்றே என்பது அவர்தம் எடுகோள். கதவு, சாளரத் துறையில் இவ்வெடுகோள் பொருந்தாமையை இக்கட்டுரை விளக்குகிறது.

1. வாயில், நிலை, கதவு

'டோர்' என்னும் ஆங்கிலச் சொல் சுவரிலுள்ள திறப்பையும், அதில் அசையும் பலகையையும், முழு அமைப்பையும் சூழலுக்கேற்பக் குறிக்கும். தமிழில் திறப்பு வாயில், சுவரோடு பொருந்திய சட்டம் நிலை, அசைவது கதவு. ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு என எண்ணுகையில் எண்ணப்படுவது அசையும் பகுதியே. இந்தியத் தர ஆவணங்கள் இப்பகுதியை 'ஷட்டர்' என்கின்றன. ஐ.எஸ். 4021 மர நிலைகளைப் பற்றியது, ஐ.எஸ். 1003 அந்நிலைகளில் பொருத்தும் 'ஷட்டர்'களைப் பற்றியது. பேச்சுத் தமிழிலோ 'ஷட்டர்' என்பது கடைவாயிலில் சுருட்டி ஏற்றும் இரும்புக் கதவாகும். ஆகவே ஒப்பந்தப் படிவத்தில் அச்சொல்லை ஒலிபெயர்த்தால் பொருள் மாறும். 'டோர்' வருமிடமெல்லாம் கதவு என எழுதினாலோ, நிலையின் அளவும் கதவின் அளவும் தம்முள் மயங்கும்.

2. காலதர் முதல் சன்னல் வரை

சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்னும் சொல் காற்று வரும் வழி எனப் பொருள்படும். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. 'பலகணி' பல கண்களையுடைய அமைப்பைச் சுட்டும். இன்று அது மாடி முகப்பையும் குறிக்கிறது. 'சன்னல்' போர்த்துக்கீசிய 'ஜனேலா'வின் திரிபு. காலதர் பயனையும் பலகணி வடிவையும் சுட்டினவேயன்றிக் கண்ணாடியைச் சுட்டவில்லை. கண்ணாடி சார்ந்த கருத்துகளுக்குத் தனிச்சொற்கள் தேவைப்படுவது இதனாலேயே.

3. கண்ணாடி சார்ந்த சொற்கள்

'கிளேசிங்' என்பது மட்கலத்துக்கு மெருகிடுதலையும் சாளரத்தில் கண்ணாடி பொருத்துதலையும் குறிக்கும். அகராதியில் முதலில் உள்ள பொருளை எடுத்தாளும் மொழிபெயர்ப்பாளர் சாளரத்துக்கு மெருகிட்டுவிடுவார்.

இதனினும் கருதத்தக்கது 'பாதுகாப்புக் கண்ணாடி' என்னும் பொதுப்பெயர். வெப்பத்தால் உறுதியூட்டிய கண்ணாடி உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். இடையே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தைப் பற்றி நிற்கும். தலைக்கு மேலமைந்த கண்ணாடிக் கூரைக்கு உதிராமை இன்றியமையாதது. இரண்டையும் ஒரே பெயரால் வழங்கும் படிவம் பணியாளரைப் பிழையான தேர்வுக்கு இட்டுச் செல்லக்கூடும். 'உறுதியூட்டிய கண்ணாடி', 'படலமிட்ட கண்ணாடி' எனப் பிரித்து வழங்குதல் வேண்டும்.

4. தொழிலாளர் வழக்கு

கதவு சுழல்வதற்குரிய முனை குடுமி. பூட்டும் உறுப்புகள் கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள். கண்ணாடியோ பலகையோ அமர மரத்தில் வெட்டும் பள்ளம் காடி. இவை தச்சரிடம் வழங்குபவை. பொருள் வரையறை உடையவை. இவை இருக்கப் புதுச்சொல் படைப்பின், நூலில் ஒரு சொல்லும் பட்டறையில் வேறொரு சொல்லுமாகி, தொழிற்பயிற்சி மாணவர் இரண்டையும் கற்க நேரிடும்.

முடிவுரை

முதலில் உறுப்புகளைப் படத்தில் எண்ணிட்டுப் பிரித்தல்; அடுத்து ஒவ்வொன்றுக்கும் உரிய தொழில்வழக்கைத் தொகுத்தல்; வழக்கு இல்லாவிடத்து மட்டும் புதுச்சொல் ஆக்குதல்: இம்முறையே ஏற்புடையது. கலைச்சொல்லின் தகுதி அதன் தூய்மையால் மட்டும் அமைவதன்று. படிப்பவர் கை சரியான உறுப்பை எடுப்பதாலும் அமையும்.