தென்னைக்கு மேல் மாடியில்லாத தீவு

விடுமுறை என்றால் நம் சங்கத்து அன்பர்களுக்கு ஊர்ப் பயணம் ஒன்றே நினைவுக்கு வரும். அதற்கும் பல வாரங்களுக்கு முன்னரே இரயிலில் இடம் பதிவு செய்தாக வேண்டும். இத்தகைய நமக்குப் பசிபிக் மாக்கடலின் நடுவே கிடக்கும் ஒரு சிறு தீவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வினவலாம். கண்டு களிக்கத்தக்கவை அங்கே பல உள. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் கருதத்தக்கதும் ஒன்று உண்டு. அத்தீவை நாம் நேரிற் கண்டதில்லை. படித்து அறிந்தவற்றைக் கொண்டே அன்பர்களை அழைத்துச் செல்கிறோம்.

தீவின் பெயர் ராரோடோங்கா. நியூஜிலாந்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குக் தீவுகள் பதினைந்தனுள் இதுவே தலைமையானது. எரிமலையால் எழுந்த இத்தீவின் பரப்பு 67 சதுர கிலோமீட்டரே. நடுவே பசுமலைகள், அவற்றைச் சுற்றித் தோட்டங்கள், அப்பால் வெண்மணல், அதற்கும் அப்பால் ஆழமற்ற காயல், காயலுக்கு வேலியாகப் பவளப்பாறை. பேரலைகள் அப்பாறையில் மோதி உடைய, உட்புறத்து நீர் குளம்போல் அடங்கிக் கிடக்கும். தென்னை மரத்தினும் உயர்ந்த கட்டடம் எழுப்பலாகாது என்பது இத்தீவினர் போற்றும் வழக்கம்.

இங்கே இருப்புப்பாதை இல்லை. கரையோரமாகத் தீவைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர்ச் சாலையில் பஸ்கள் ஓடுகின்றன. ஒன்றின் நெற்றியில் ‘வலச் சுற்று’ என்றும், மற்றொன்றின் நெற்றியில் ‘இடச் சுற்று’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களே எழுதப்பட்டிருக்கும். எதில் ஏறினாலும் ஏறிய இடத்துக்கே திரும்பி வரலாம். கால அட்டவணையோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கும் நமக்கு இது பொறாமை தரும் செய்தியே! கரைச் சாலைக்கு உட்புறமாகப் பழஞ்சாலை ஒன்றும் உண்டு. ‘ஆரா மெத்துவா’ எனப்படும் அதனைச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோயி என்னும் தலைவன் கல் பாவி அமைத்தான் என்பது மரபு. சேப்பங்கிழங்கு வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் இடையே அதில் நடப்பது தனி இன்பம்.

கால் வலிமை உடையோர் தீவைக் குறுக்கே கடக்கலாம். வடகரையில் உள்ள தலைநகர் அவாருவாவின் அருகே தொடங்கும் காட்டுவழி, மரவேர்களையே படிகளாகக் கொண்டு ஏறி, ‘ஊசி’ எனப்படும் 413 மீட்டர் உயரக் கற்சிகரத்தின் அடிவாரத்தை அடைகிறது. அங்கிருந்து இருபுறத்துக் கடலும் தோன்றும். பின்பு ஓடைகளைக் கடந்து இறங்கினால் தென்புறத்தே ஓர் அருவியில் வழி முடியும். மூன்று நான்கு மணி நேர நடை இது. பாம்பு இல்லாத தீவாதலால் அந்த அச்சம் வேண்டா. மழை பெய்தால் வழுக்கும், ஆதலால் கவனம் வேண்டும்.

கீழ்க்கரையில் உள்ள முரிக் காயல் நீர் விளையாட்டுக்குப் பெயர் பெற்றது. அதன் நடுவே நான்கு குட்டித் தீவுகள் உள. துடுப்புப் படகில் அவற்றுக்குச் சென்று வரலாம். கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து மிதந்தால் பவளத்திடையே வண்ண மீன்களைக் காணலாம். ஆயினும் பவளப்பாறையில் உள்ள இடைவெளிகளை நெருங்கலாகாது. காயல் நீர் அவ்வழியே கடலுக்கு விரைந்து பாயும்போது நீந்துவோரை இழுத்துச் சென்றுவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை பவளப்பாறைக்கு அப்பால் திமிங்கலங்கள் எழுந்து நீரைப் பீய்ச்சுவதைக் கரையிலிருந்தே காணலாம். தங்கள் கடல் முழுவதையும் 2001-ஆம் ஆண்டில் திமிங்கலங்களுக்குப் புகலிடமாக அறிவித்த நாடு இது.

இத்தீவினர் தமக்கு உரியதைக் காக்கும் முறை வியக்கத்தக்கது. ‘ராஉயி’ என்பது முன்னோர் வகுத்த தடை. காயலின் ஒரு பகுதியில் குறித்த காலம்வரை எவரும் மீன் பிடிக்கலாகாது என்று தலைவர்கள் விதிப்பார்கள். மறைந்துபோன இவ்வழக்கத்தை 1998-இல் இத்தீவில் மீண்டும் உயிர்ப்பித்தனர். மற்றொன்றும் கேளுங்கள். ‘ககேரோரி’ என்னும் ஈப்பிடிப்பான் பறவை இங்கேயே பிறந்து வளரும் இனம். எலிகள் முட்டைகளைத் தின்றமையால், 1989-இல் 29 பறவைகளே எஞ்சின. எலிகளை ஒழிக்கும் வேலை தொடங்கிற்று. 1996-இல், நிலத்துக்கு உரிய மூன்று குடியினர் ஒன்றுகூடித் தம் காட்டைக் காப்பிடமாக்கினர். இன்று அப்பறவைகள் நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன. வழிகாட்டியுடன் அக்காட்டுக்குச் சென்று அவற்றைக் காணலாம்.

சனிக்கிழமை காலையில் அவாருவாச் சந்தைக்குச் சென்றால் நம் இல்லத்தரசியர் அயலூர் என்றே எண்ணமாட்டார்கள். தேங்காய், வாழை, சீமைப்பலா, பப்பாளி எல்லாம் குவிந்திருக்கும். சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து ‘ருகாவு’ என்கின்றனர். எதிர்ப்படுவோர் ‘கியா ஓரானா’ என்று வாழ்த்துவர். நீடு வாழ்க என்பது அதன் பொருள்.

இனி, தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட செய்திக்கு வருவோம். குக் தீவுகள் அனைத்திலும் வாழ்வோர் சுமார் 15,000 பேர். பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் கடல் கடந்து சென்று, நியூஜிலாந்தில் மட்டும் வாழும் அவ்வினத்தாரோ 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 80,000-க்கு மேற்பட்டவர். வீட்டில் இருப்போரினும் வெளியே இருப்போர் ஐந்து மடங்கு! அங்கே பிறந்த குழந்தைகளிற் பலர் தாய்மொழி பேசுவதில்லை என்ற கவலை அவர்களுக்கு உண்டு. அதன் பொருட்டு ஆண்டுதோறும் மொழி வாரம் கொண்டாடுகின்றனர்.

ஆனால் நிலத்தைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை. இத்தீவில் நிலத்தை விற்க இயலாது. குத்தகைக்கு விடலாம், அதுவும் அறுபது ஆண்டுக்கு மேற்படலாகாது. நிலம் பரம்பரை உரிமையாகவே இறங்கும். எனவே, நியூஜிலாந்தில் பிறந்த பேரனுக்கும் பாட்டனின் மலைச்சாரலில் பங்கு உண்டு. பங்காளிகள் பெருகி வழக்குகள் நேர்வதும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அவன் அங்கே வேற்றாள் அல்லன்.

நமக்கு அத்தகைய சட்டம் இல்லை. ஊரிலிருந்த வீட்டையும் காணியையும் விற்றுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம்மிடையே பலர். அது குற்றமன்று. அதன் பின் நம் கையில் எஞ்சியிருப்பது மொழி ஒன்றே. அதனை விற்கவும் வேண்டா, குத்தகைக்கு விடவும் வேண்டா. பேரப்பிள்ளைகளோடு நாள்தோறும் தமிழிற் பேசினால் போதும், அது பரம்பரை உரிமையாய் இறங்கும்.