மூலபாடமும் திருத்தப் பதிப்பும்: அறிவியல் புனைவுத் திரைப்படங்களின் மறுவெளியீடுகளும் சுவைஞர் எதிர்வினைகளும்

1. முன்னுரை

ஓர் இலக்கியப் பனுவல் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் கிடைக்குமாயின், அவற்றுள் எது மூலம், எது திரிபு என ஆராய்வது தமிழ்ப் பதிப்புத் துறைக்குப் புதியதன்று. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் தெரிந்தமை நாம் அறிந்ததே. அவர்தம் பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் பிரதிபேதங்கள் இடம்பெற்றுள்ளன. திரைப்படத்தைப் பொறுத்தமட்டில் இத்தகைய வினா எழுவதில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஒருமுறை எடுக்கப்பட்ட படம் மாறாது என்பது பொது நம்பிக்கை.

இந்நம்பிக்கை இன்று தகர்ந்துவிட்டது. பழைய படங்கள் துலக்கப்பட்டும், குறைக்கப்பட்டும், கூட்டப்பட்டும் வட்டுகளாகவும் இணையவழித் திரைகளிலும் மீண்டும் வருகின்றன. இம்மாற்றங்களை முதலில் இனங்கண்டு குரல் எழுப்பியோர் சுவைஞர்கள்; ஆய்வாளர்கள் பின்னரே வந்தனர். அறிவியல் புனைவுப் படங்களின் மறுவெளியீடுகளுக்குச் சுவைஞர் காட்டிய எதிர்வினைகளை அடிப்படையாகக் கொண்டு, தமிழ்த் திரைப்படத்தைப் பாடமாகவும் ஆய்வுப் பொருளாகவும் கொள்வோர் எதிர்கொள்ளும் மூலபாடச் சிக்கலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. துறைமுகம் வழி வந்த படம்

பினாங்கு துறைமுகத்தின் வரலாற்றோடு தமிழ்ப் படச்சுருளின் வரலாறும் பிணைந்துள்ளது. 1926 இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலும், அதன்பின் 1980களின் நடுப்பகுதி வரை ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலும் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடு இணைத்தன. மக்களோடு நூலும் நாளிதழும் இசைத்தட்டும் படச்சுருளும் கடல்வழி வந்திறங்கின. வந்த படங்கள் இந்நாட்டுத் தணிக்கை வாரியத்தின் பார்வைக்குச் சென்று, மலாய்மொழி வரிகள் சேர்க்கப்பட்ட பின்னரே திரைக்கு வந்தன. எனவே, சென்னையில் ஒருவர் கண்ட படமும் ஜார்ஜ் டவுனில் ஒருவர் கண்ட படமும் எல்லா வேளையிலும் ஒன்றாக இருந்திருக்கும் எனக் கொள்ள இயலாது.

ஒளிநாடா வந்தபின் இவ்வேறுபாடு மேலும் பெருகியது. 1993 இல் வரையறுக்கப்பட்ட விசிடி மலேசியாவில் விரைந்து பரவியது. லெபோ பாசார், லெபோ குயின் பகுதியிலுள்ள லிட்டல் இந்தியா கடைகளில் தமிழ்ப் படங்கள் இரண்டு அல்லது மூன்று வட்டுகளாக விற்கப்பட்டன. ஒரு வட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 74 நிமிடமாகும். இரண்டு மணி நாற்பது நிமிடப் படம் இரு வட்டுகளில் அடங்காது. மூன்றாம் வட்டுக்குச் செலவு கூடும் என்பதால் பாடலோ நகைச்சுவைக் காட்சியோ நீக்கப்பட்ட பதிப்புகளும் புழங்கின. ஒரு தலைமுறை மாணவர்கள் பழைய தமிழ்ப் படங்களை அறிந்தது இப்பதிப்புகளின் வழியாகத்தான் என்பது கருதத்தக்கது.

3. மேலைநாட்டுச் சான்றுகள்

திருத்தப் பதிப்பு குறித்த விவாதம் கூர்மை பெற்றது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை ஒட்டியே எனலாம். 1977 மே 25 இல் வெளியான அப்படத்தை அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பலமுறை மாற்றினார். 1981 மறுவெளியீட்டில் தொடக்க எழுத்துகளில் புதிய தலைப்பு சேர்ந்தது. 1997 இல் வந்த சிறப்புப் பதிப்பில் கணினி வரைகலைக் காட்சிகள் புகுத்தப்பட்டன. முன்னர் படமாக்கப்பட்டு விலக்கப்பட்ட ஜப்பா காட்சி, நடிகருக்குப் பதிலாகக் கணினி உருவத்துடன் சேர்க்கப்பட்டது. 2004 டிவிடியிலும், 2011 புளூ-ரேயிலும், 2019 இல் இணையவழித் திரையிலும் மேலும் மாற்றங்கள் நேர்ந்தன.

இவற்றுள் சுவைஞரை மிகவும் சினங்கொள்ளச் செய்தது ஒரு சிறு காட்சியே. மதுக்கடையில் தன்னை மிரட்டும் கிரீடோ என்பவனை ஹான் சோலோ முந்திக்கொண்டு சுடுவதாக மூலத்தில் உள்ளது. 1997 பதிப்பில் கிரீடோ முதலில் சுடுகிறான். ஒரு நொடியளவே ஆன இம்மாற்றம் கதைமாந்தனின் இயல்பையே மாற்றிவிடுவதாகச் சுவைஞர் வாதிட்டனர். தன்னலக்காரன் ஒருவன் படிப்படியாகப் பிறர்க்கென வாழ்பவனாக மாறுவதே அப்பாத்திரத்தின் வளர்ச்சி. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கினால் அவ்வளர்ச்சிக்கு இடமில்லை என்பது அவர்தம் வாதம். இது வெறும் பழமைப் பற்றன்று. பாத்திரப் படைப்பு பற்றிய திறனாய்வே ஆகும்.

இதே லூகாஸ் 1988 இல் அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன் தோன்றி, பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவது போன்ற மாற்றங்களை எதிர்த்துச் சாட்சியம் அளித்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பிறர் மாற்றுவது சிதைவு, படைப்பாளர் மாற்றுவது திருத்தம் என்பது அவர் நிலைப்பாடு. வெளியிடப்பட்ட படைப்பு மக்களின் பொது நினைவாகிவிட்டது என்பது சுவைஞர் நிலைப்பாடு. சுவைஞர் சிலர் பழைய படச்சுருள்களைத் தேடி எடுத்து, 1977 வடிவத்தைத் தாமே மீட்டுருவாக்கவும் முற்பட்டனர். 2025 ஜூன் மாதம் லண்டனில் பிரித்தானியத் திரைப்படக் கழகம் அவ்வாண்டின் மூலப்படச்சுருள் ஒன்றையே திரையிட்டபோது அது பெருஞ்செய்தியாயிற்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உள. 1982 இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் 1992 பதிப்பில் பின்னணிக் குரலும் இன்ப முடிவும் நீக்கப்பட்டன. 2007 இல் இறுதிப் பதிப்பு வந்தபோது, ஐந்து வடிவங்களையும் உள்ளடக்கிய வட்டுத்தொகுதியும் வெளியாயிற்று. மூலம் மறைக்கப்படாமையால் சுவைஞர் அதனை வரவேற்றனர். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோ 2002 இல் ‘இ.டி.’ படத்தில் காவலரின் துப்பாக்கிகளை நீக்கி, அவர்கள் கைகளில் தொடர்புக் கருவிகளை வைத்தார். பின்னர் அதற்கு வருந்தி, 2012 புளூ-ரேயில் மூலவடிவத்தையே வெளியிட்டார். ஆகவே சுவைஞர் எதிர்ப்பது மாற்றத்தையன்று. மூலம் கிட்டாமற் போவதையே என்பது தெளிவாகிறது.

4. தமிழ்ச் சூழல்

தமிழில் அறிவியல் புனைவுப் படங்கள் மிகச் சிலவே. வேற்றுக்கோளிலிருந்து வருவோர் கலைவல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்வதாக அமைந்த ‘கலை அரசி’ 1963 இல் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளின் பின், 1973 மே 11 இல், எம்.ஜி.ஆர். இயக்கி இரு வேடங்களில் நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. மின்னலின் ஆற்றலைத் தேக்கிவைக்கும் வழியைக் கண்டறிந்த அறிவியலாளர் ஒருவர், அது போருக்குப் பயன்படும் என அஞ்சி அதனை மறைப்பதும், அதனைக் கைப்பற்றப் பிறர் முயல்வதும் அதன் கதை. 1970 இல் ஒசாகாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியும் தென்கிழக்காசிய நகர்களும் அதில் இடம்பெற்றமையால், இவ்வட்டாரத் தமிழர்க்கு அப்படத்தின்மீது தனிப்பற்று உண்டு.

அப்படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடக்கூடியது. விசிடியின் அளவுக்குள் அதனை அடக்குவதன் இடர்ப்பாட்டை மேற்கூறிய கணக்கே உணர்த்தும். 2021 இல் அது எண்மியமாக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. இதற்கு முன்னரே, 1964 இல் வந்த ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு நூறு நாள்களைக் கடந்து ஓடியதும், 1965 இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014 இல் மறுவெளியீடு கண்டதும் இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமளித்தன.

தமிழ்ச் சுவைஞரின் எதிர்வினை மேலை நாட்டாரினின்றும் வேறுபட்டது. மாலையும் ஆரவாரமுமாக மறுவெளியீட்டை அவர்கள் வரவேற்றனர். இதனைக் கொண்டு அவர்கள் மூலத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என முடிவுகட்டுவது பொருந்தாது. 1931 இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று கிடைக்கவில்லை. அதற்கு முற்பட்ட மௌனப் படமாகிய ‘கீசகவதம்’ அழிந்தொழிந்தது. அழிவையே கண்ட சமூகம், எந்த வடிவிலேனும் படம் மீண்டமைக்கு மகிழ்வது இயல்பே. மேலும், மேலை நாட்டில் படைப்பாளரே மாற்றுகிறார், இங்கோ எம்.ஜி.ஆர். 1987 இலும், ‘கர்ணன்’ படத்தை இயக்கிய பந்துலு அதற்கும் முன்னரும் மறைந்துவிட்டனர். மாற்றுவோர் உரிமை பெற்ற வெளியீட்டாளரே. ஆயினும் ‘அந்தப் பாட்டு எங்கே?’, ‘அந்தக் காட்சியைக் காணோமே!’ என்னும் குரல்கள் கடைகளிலும் அரங்குகளிலும் ஒலித்தே வந்துள்ளன. அவை முறையாகத் தொகுக்கப்படவில்லை என்பதே குறை.

5. நால்வகை மாற்றங்கள்

மறுவெளியீட்டு மாற்றங்களைப் பதிப்பியல் நோக்கில் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது துலக்கல். கீறலையும் தூசியையும் நீக்கி, மங்கிய நிறத்தை மீட்பது. ஏட்டில் செல்லரித்த இடத்தைத் தெளிவித்துப் படிப்பதற்கு இது நிகர்.

இரண்டாவது விடுபாடு. காட்சியையும் பாடலையும் வெட்டுவது மட்டுமன்றி, படச்சட்டத்தை வெட்டுவதும் இதனுள் அடங்கும். பழைய படங்களின் சட்டம் உயரம் ஒன்றுக்கு அகலம் 1.37 என்னும் விகிதமுடையது. அதனை 1.78 விகித இன்றைய தொலைக்காட்சித் திரை நிரம்புமாறு வெட்டினால், உயரத்தில் ஏறத்தாழ 23 விழுக்காடு மறையும். 2.35 விகித அகலத்திரைக்கு மாற்றினாலோ 42 விழுக்காடு மறையும். ஆடுவோரின் பாதமும் அரங்கின் மேற்பகுதியும் இவ்வாறே காணாமற் போகின்றன. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) முதலானவை பழைய தொலைக்காட்சித் திரை நிரம்ப வெட்டப்படின், பக்கவாட்டில் இதே அளவு இழப்பு நேரும்.

மூன்றாவது இடைச்செருகல். இல்லாத காட்சியையோ ஒலியையோ சேர்ப்பது. ஒற்றைத்தட ஒலியைப் பல்தட ஒலியாக்கும்போது புதிய ஓசைகள் நுழைவதும் இவ்வகையே.

நான்காவது பாடமாற்றம். உள்ளதை வேறாக்குவது. 1957 இல் கறுப்பு வெள்ளையில் வந்த ‘மாயாபஜார்’ தெலுங்குப் படத்திற்கு 2010 இல் வண்ணமூட்டியது இதற்குச் சான்றாகும். இதன் உச்சத்தை 2025 ஆகஸ்டு முதல் நாளன்று கண்டோம். ‘ராஞ்சனா’ என்னும் 2013 இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, செயற்கை நுண்ணறிவால் முடிவு மாற்றப்பட்டு, இறந்த நாயகன் பிழைப்பதாக வெளியிடப்பட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தனர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரையே கொள்வதால், இயக்குநரின் மறுப்பு எளிதில் செல்லுபடியாவதில்லை. ஒரு காலத்து அறிவியல் புனைவு கற்பனை செய்த கருவி, இன்று பழைய படங்களின் முடிவையே மாற்றவல்லதாயிற்று.

6. சுவைஞரின் நினைவும் சான்றுகளும்

மூலம் எதுவென அறிய நமக்குள்ள சான்றுகள் யாவை? அரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் முதன்மையானவை. கதைச்சுருக்கம், பாடல்கள், கலைஞர் பெயர்கள் ஆகியன அவற்றில் அச்சாகியுள்ளன. ஒரு பாடல் வட்டில் இல்லாது பாட்டுப் புத்தகத்தில் இருப்பின், அதனை விடுபாடாகவோ, வெளியீட்டுக்கு முன்னரே நீக்கப்பட்டதாகவோ ஐயுற்று மேலும் தேட வேண்டும். கதைவசன இசைத்தட்டுகள், விளம்பரச் சுவரொட்டிகள், அக்கால நாளிதழ் விமரிசனங்கள் ஆகியனவும் துணைச் சான்றுகளாகும். இவற்றை இன்றளவும் பேணி வருவோர் பெரும்பாலும் சுவைஞரே. பினாங்கின் பழைய கடைவீடுகளின் மாடிகளிலும் முதியோரின் பெட்டிகளிலும் இத்தகையன இருக்கக்கூடும்.

முதியோரின் நினைவும் ஒரு சான்றே. எனினும் அதனை அப்படியே ஏற்றல் ஆகாது. வேறொரு படத்தின் காட்சியை இதனோடு சேர்த்து நினைப்பது மனித இயல்பு. வாய்மொழி வழக்காற்றை ஆராய்வது போன்றே, பலர் நினைவை ஒப்புநோக்கி, அச்சுச் சான்றோடு பொருத்திய பின்னரே கொள்ளுதல் வேண்டும்.

7. முடிவுரை

இச்சிக்கல் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துள்ளது. சுருக்கப்பட்ட வட்டொன்றைக் கண்டு, ‘இப்படத்தில் நகைச்சுவைக்கு இடமில்லை’ என மாணவர் எழுதுவாராயின், அப்பிழைக்கு அவர் மட்டும் பொறுப்பாகார். இளங்கலை ஆய்வேடுகளில் நூலுக்குப் பதிப்பாண்டு கேட்கும் நாம், படத்துக்கு அதனைக் கேட்பதில்லை. எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை நிமிடம், எவ்வடிவம் என்னும் மூன்றையும் குறிப்பது இனியேனும் வழக்கமாதல் வேண்டும். இயன்றவிடத்து இரு பதிப்புகளையேனும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மாணவரே பட்டியலிடச் செய்வது மூலபாட ஆய்வுக்கு எளிய பயிற்சியாகவும் அமையும்.

2008 இல் உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீட்டின் சுவரைப் புதுப்பிப்போர் சிமெண்டைத் தவிர்த்துச் சுண்ணாம்பையே பூசவேண்டும் என வல்லுநர் வலியுறுத்துகின்றனர். சிமெண்டுப் பூச்சு பார்வைக்குப் பொலிவாயினும், ஈரத்தை உள்ளே தேக்கிப் பழஞ்செங்கல்லை அரித்துவிடும். படத்தைப் புதுப்பிப்போரும் இவ்விழிப்புணர்வோடு செயற்படுதல் நன்று. திருத்தப் பதிப்புகள் வரட்டும். ஆனால் மூலமும் உடன் கிடைக்கட்டும். சுவைஞர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இவ்வளவே. பாட்டுப் புத்தகங்களையும் பழைய வட்டுகளையும் வைத்திருப்போர் அவற்றைக் களையுமுன், அருகிலுள்ள பள்ளி ஆசிரியரிடமோ பல்கலைக்கழகத் துறையினரிடமோ காட்டுவார்களாயின், அதுவே இவ்வாய்வின் அடுத்த கட்டத்திற்கு வழிகோலும்.