மணவீட்டு அலங்காரம்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் பிள்ளையார்பட்டி என்னும் ஊர் உளது. குன்றைக் குடைந்தமைத்த கோயிலில் வடக்கு நோக்கி வீற்றிருக்கும் கற்பக விநாயகரை வழிபடவே மக்களிற் பெரும்பாலோர் அங்குச் செல்கின்றனர். அக்கோயிலிலேயே மருதீசர் என்னும் திருப்பெயருடன் சிவபெருமானும் எழுந்தருளியிருக்கின்றார். அவர்தம் தேவியின் பெயர் வாடாமலர் மங்கை என்பது. மணம் கைகூட வேண்டுவோர் வணங்கும் காத்தியாயனி அம்மையின் சந்நிதியும் அங்கு உண்டு. வாடாமலர் என்னும் அழகிய பெயரைக் கேட்குந்தோறும் எனக்கு இக்காலத்து மணப்பந்தல்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றிலும் மலர்கள் வாடுவதில்லை. நெகிழியாற் செய்தவை எங்ஙனம் வாடும்!

மணவீட்டை எவ்வாறு அணிசெய்வது என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் நம் மாணவருட் பலர் இன்னும் சில ஆண்டுகளில், தமக்கோ தம் உடன்பிறந்தார்க்கோ மணம் நிகழுங்கால், இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவராவர். அப்பொழுது பணத்தைக் கொண்டு மட்டும் விடை கூறுவதா, அறிவைக் கொண்டும் விடை கூறுவதா என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருள். அதற்குப் பிள்ளையார்பட்டியைச் சூழ்ந்த செட்டிநாட்டினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை.

இக்காலத்தார் மணத்திற்கு முதற்கண் ‘தீம்’ ஒன்று வேண்டும் என்பர். அலங்காரத்தின் பல உறுப்புக்களையும் ஒன்றாகப் பிணிக்கும் மூலக்கருத்து என்பது அதன் பொருள். ஒரு நிறத்தையோ, ஒரு மலரையோ, ஓர் ஊரின் பழமையையோ கருத்தாகக் கொண்டு, அழைப்பிதழ் முதல் பந்தி ஈறாக அனைத்தையும் அதற்கு இயைய அமைப்பர். 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசி விக்டோரியா வெண்ணிற உடை உடுத்து ஆரஞ்சு மலர் சூடி மணம் புரிந்தாள். அதன் பின்னரே மணமகளுக்கு வெண்மையே உரியது என்னும் எண்ணம் மேனாடுகளிற் பெரிதும் வேரூன்றிற்று. ஒருத்தி தன் மணத்திற்குத் தெரிந்தெடுத்த உடை பிறர்க்கெல்லாம் விதியாயிற்று. தீம் என்னும் சொல் அந்நாடுகளிலிருந்து வந்ததே. எனினும் அச்சொல்லாற் குறிக்கப்படும் பொருள் நமக்குப் புதிதன்று.

அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு மணவீடு காட்டப்பெறுகின்றது. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தர், அதன்கீழ்க் கொணர்ந்து பரப்பிய மணல், மனையில் ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், உழுந்து கூட்டிச் சமைத்த உணவு. இவ்வளவே அங்குள்ள அலங்காரம். இவற்றுள் வீணானது யாதேனும் உண்டோ? சுற்றத்தார் கூடுதற்குப் பந்தர் வேண்டும். பலர் நடந்து செல்லும் இடத்திற்கு மணல் வேண்டும். விடியற்காலத்து மணத்திற்கு விளக்கு வேண்டும். சிலப்பதிகாரத்திற்கு வருவோமாயின் செல்வம் பெருகிவிடுகின்றது. கோவலனும் கண்ணகியும் வயிரம் பதித்த தூண்களிடையே, நீல மேற்கட்டியின்கீழ், முத்துப் பந்தரில் மணம் புரிகின்றனர். புகார் நகரம் கடல் வாணிகத்தால் வளர்ந்தது. முத்து அவ்வாணிகப் பொருள்களுள் ஒன்று. ஆகவே வணிகர் வீட்டு மணத்தில் முத்துப் பந்தர் அமைந்தது பொருத்தமேயாம். தம் தொழிலையும் ஊரையும் காட்டும் பொருளையே அவர்கள் தெரிந்துகொண்டனர்.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பெயர்ந்து பாண்டி நாட்டில் குடியேறியவர் தம் முன்னோர் என்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது ஊர்க் கோயில்களை ஒட்டி அவர்கள் ஒன்பது பிரிவினராவர். ஒரே கோயிலைச் சார்ந்தோர் பங்காளிகள் ஆதலின், பொதுவாகத் தமக்குள் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறந்தார் முறையின. ஆகையால் அவ்விரு கோயிலாரிடையேயும் மண உறவு இல்லை.

இவ்வமைப்புக்கும் அலங்காரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பின், கோயில் மாலையே விடையாகும். நகரத்தார் வீட்டில் மணம் நிகழுங்கால் மணமகனுடைய கோயிலிலிருந்தும் மணமகளுடைய கோயிலிலிருந்தும் மாலைகள் வருதல் வேண்டும். அம்மாலை வந்தாலன்றி அம்மணத்தைக் கோயிலார் ஏற்றுக்கொண்டதாகக் கருதுவதில்லை. மணம் முடித்த தம்பதியர் அதன்பின் கோயிற் கணக்கில் ஒரு ‘புள்ளி’ என எண்ணப்படுவர். பந்தல் முழுதும் வண்டி வண்டியாக மலர் குவித்திருந்தாலும், பெரியோர் கண்கள் எதிர்பார்த்திருப்பது அவ்விரு மாலைகளையே. பிறவெல்லாம் காட்சிக்கு, இவை சாட்சிக்கு. மணவீட்டை அணிசெய்ய முற்படுவோர் முதலிற் கேட்டுக்கொள்ளவேண்டுவது, ‘எங்கள் மணத்தில் இவ்வாறு சாட்சியாய் நிற்கும் பொருள் எது?’ என்பதே. அது மாலையாயிருக்கலாம், பாட்டியார் அணிந்த கழுத்துருவாயிருக்கலாம், இரு வீட்டாரும் ஒப்பமிடும் இசைபிடிமானம் என்னும் மண ஆவணமாகவும் இருக்கலாம். அதனைக் கண்டுகொண்டபின் மற்றவை அதனை மறையாதவாறு அமைதல் வேண்டும். யான் கண்ட ஒரு மணத்தில் மேடையின் ஒளிவிளக்குகள் இருபுறமும் கண்ணைக் கூசச்செய்ய, திருப்பூட்டு நிகழ்ந்ததை முதல் வரிசையிலிருந்த மணமகளின் அப்பத்தாளே காணவில்லை. நிழற்படம் எடுப்போர் அறுவர் அதனை நன்கு கண்டனர்.

இனி வீட்டைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளிற் செய்த கொடுக்கல் வாங்கல் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு நகரத்தார் இப்பெருவீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி எனப் பல நாட்டுப் பொருள்களும் அங்கே கூடின. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகள் பல. தலைவாயிலில் நின்று நோக்கினால் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றிப் புறக்கடை வரை கண் செல்லும். வளவு என்பது நடுவே வானம் திறந்த முற்றமும் அதனைச் சூழ்ந்த தூண் வரிசையும் உடையது. அதனை ஒட்டி மணமான மைந்தர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி அறை உண்டு. நாள்தோறும் சிலரே வாழ்வதற்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று அயலூரார் வியப்பர். மணமும் சாந்தியும் வரும் நாளில் ஊரும் உறவும் ஒருங்கே அமர்தற்கு வேண்டிய அளவே அது என்று அறிந்தால் வியப்பு நீங்கும்.

இவ்வூர்த் தொகுதி 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் வீடுகள் பல பூட்டிக்கிடக்கின்றன. பங்காளிகள் பலராய்ப் பிரிந்து, ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலுமாக வாழ, பழுது பார்ப்பதற்கு ஒருமித்த கருத்து ஏற்படாமல் இடிக்கப்பட்டவையும் உள. அவற்றின் தூண்களையும் நிலைகளையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளிற் காணலாம். இதற்கிடையே, நகரத்து மண்டபங்களில் ‘செட்டிநாட்டுத் தீம்’ என்று ஓர் அலங்காரம் புகழ்பெற்று விளங்குகின்றது. தெர்மாக்கோலில் தூண் செதுக்கி, தேக்கு நிறம் பூசி, தரையில் ஆத்தங்குடிக் கல்லின் உருவம் அச்சிட்ட விரிப்பைப் பரப்புவர். தூண் மறுநாள் குப்பையாகும். மெய்யான தூண் கடையில் விலைக்கு நிற்க, பொய்யான தூண் மேடையில் மாலை சூடி நிற்பதைக் காண்போர் சிரிப்பதா, வருந்துவதா என்று அறிகிலேன். சொந்த ஊரில் வீடுடையார் அவ்வலங்காரத்திற்குச் செலவிடும் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு ஓட்டைப் பிரித்துமேய்ந்து, வளவைத் துப்புரவாக்கி, அங்கேயே மணத்தை நடத்தலாம். மணத்தை முன்னிட்டே பழுது பார்க்கப்பெற்றுப் பிழைத்த வீடுகளும் உள என்பதை அப்பக்கத்தார் அறிவர்.

அத்தகைய வீட்டை அணிசெய்யப் புகுவோர் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் பிறவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள் அவை. சலவைக்கல் போல் வழுவழுப்பாயிருக்கும். அவற்றில் ஆணி அடித்தால் அத்துளையை அவ்வாறே மீண்டும் மூடத்தக்க கொத்தர் இன்று அரியர். தோரணங்களைத் தூணோடு தூண் சேர்த்துப் பருத்திக் கயிற்றாற் கட்டுவதே தக்கது. பசைத்தாளும் தேக்கின் மெருகை உரித்துவிடும். தரையோ பெரும்பாலும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சினை வைத்து, சிமெண்டுடன் கலந்த வண்ணக் குழம்பை அச்சின் அறைகளில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது அது. சூளையில் இடுவதில்லை; கண்ணாடியின் வழவழப்பே அதன் பளபளப்பு. அமிலம் பட்டால் அரிக்கும். ஈர மஞ்சளும் குங்குமமும் கறையாகும். இரும்புக் கால்களையுடைய மேடைத் தட்டிகளை இழுத்தால் கீறும். அத்தரையின் சித்திரத்தைக் கம்பளத்தால் மூடுவது கூடாது என்பது என் கருத்து. அதுவே விரிப்பு, அதன்மேல் வேண்டுவது நடுவீட்டுக் கோலம் ஒன்றே. ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கரைத்து, சிறு துணியை அதில் தோய்த்து, விரல்களின் இடையே வழியவிட்டு இழுக்கும் அக்கோலத்தை இட வல்ல ஆச்சிமார் இன்னும் இருக்கின்றனர். மணநாளுக்கு முன்னரே அவர்களுள் ஒருவரை அழைத்து, அருகே இளம்பெண்கள் இருவரை உட்காரவைத்தால், கலை ஒன்று கைமாறும்.

மலரைப் பொறுத்தவரை, கருத்தைப் பருவத்தினின்றும் பெறுதல் வேண்டும். மதுரை மல்லிகையை விடியலில் அரும்பாகப் பறிப்பர். அது அந்திப்பொழுதில் விரியும். ஆகவே மாலையில் நிகழும் மாப்பிள்ளை அழைப்புக்கும் வரவேற்புக்கும் மல்லிகை ஏற்றது. காலை முகூர்த்தத்துக்கு முதல்நாள் அரும்பைக் கட்டி வைத்தால், தாலி ஏறும் நேரத்தில் அது நிறம் மங்கியிருக்கும். சம்பங்கியும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் அவ்வேளைக்கு உதவும். தை மாதத்துக் குளிரில் மல்லிகை விளைச்சல் குறைந்து விலை ஏறும். அப்பொழுது மல்லிகையே வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பூக்காரரை மட்டுமே மகிழ்விப்பர். வைகாசியில் மல்லிகை மலிவு. வெள்ளையும் பச்சையுமாக வீடு முழுவதையும் அதனாலேயே நிரப்பலாம். எப்பருவத்துக்கும் ஈடுகொடுப்பவை குலையோடு கூடிய வாழை, தென்னங்குருத்து, கூந்தற்பனைப் பூங்கொத்து, பாக்குக் குலை, மாவிலை ஆகியன. இவை இரண்டு மூன்று நாள் தாங்கும். பின்னர் மாடு தின்னும், அல்லது எருவாகும்.

விருந்தினர்க்குக் கொடுக்கும் பையும் பெட்டியும் அலங்காரத்தின் பகுதியே. பனை ஓலையிற் சாயமிட்டுப் பின்னும் கொட்டான் செட்டிநாட்டுப் பெண்களின் கைவேலை. பலகாரமும் வெற்றிலை பாக்கும் அதில் வைத்து வழங்குவர். ஐந்நூறு கொட்டான் வேண்டுமாயின் பல மாதங்கட்கு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். கை விரைவுக்கு ஓர் எல்லையுண்டு அன்றோ! காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் அகன்ற கரையும் கட்டங்களும் கொண்ட நிறங்களை, அரக்கும் மஞ்சளும் கருமையுமாக, மேற்கட்டித் துணிக்கும் அழைப்பிதழுக்கும் எடுத்துக்கொண்டால் நிறம்பற்றிய ஆராய்ச்சி அத்துடன் முடியும். பந்தியில் வாழையிலை இருக்க வேறு தட்டு எதற்கு? எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றை 2019 சனவரி முதல் நாளிலிருந்தே தமிழ்நாட்டு அரசு தடை செய்துவிட்டது.

அலங்காரங்களுள் ஒன்றைப்பற்றி மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. மணமகளுக்குக் கொடுக்கும் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான் சாமான்களை வரிசை வரிசையாகப் பரப்பிவைத்து வந்தோர்க்குக் காட்டும் வழக்கம் அது. கண்ணுக்கு அது பேரழகு. தலைமுறை தலைமுறையாகப் பெண்வழி வந்த பாத்திரங்களை அங்கே காணலாம். ஆயினும் அவ்வரிசையை எண்ணிப் பார்ப்பவர் கண்களும் அங்கே உலவும். ஒரு வீட்டின் வரிசை அடுத்த வீட்டின் கடனாகிறது. பாட்டியாரின் பழைய பாத்திரங்களை மட்டும், அவை எவரிடமிருந்து வந்தன என்று சீட்டெழுதி, முகப்பில் வைத்து, புதியன யாவற்றையும் அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிய ஒரு தந்தையாரை யான் அறிவேன். உறவினர் சிலர் அவரைக் கருமி என்றனர். சீட்டுக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு அங்கே நெடுநேரம் நின்றவர்களும் அவ்வுறவினரே.

மணம் முடிந்த மூன்றாம் நாள் பந்தல்காரர் கால்களைப் பிடுங்குவர். குழிகளை மணலிட்டு மூடச்செய்து, தோரணக் கயிறுகளைச் சுருட்டி அடுத்த மணத்துக்கென்று பரணில் ஏற்றி, வளவைக் குளிர்ந்த நீராற் கழுவிய பின்னரே வெளியூரார் புறப்படுதல் வேண்டும். நடுவீட்டுக் கோலத்தை மட்டும் கழுவுவதில்லை. அது காலடி பட்டுத் தானே தேய்ந்து மறையும்வரை விட்டுவிடுவர்.