அட்டை வந்தது, பிள்ளை வந்ததா?

எமது ஊர்ப் பாடசாலையொன்றில் ஆர்.எப்.ஐ.டி. அட்டை மூலம் மாணவர் வரவைப் பதியும் முறையொன்றைப் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து அமைத்தோம். இப்போது அயல் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கத்தினரும் இது பற்றி விசாரிக்கின்றனர். அவர்களுக்காகவே எமது அனுபவத்தை எழுதுகிறேன்.

இந்த அட்டைக்குள் ஒரு சிறிய சிப்பும் மெல்லிய கம்பிச் சுருளும் மட்டுமே உண்டு, பட்டரி கிடையாது. கருவிக்குச் சில சென்ரிமீற்றர் அருகில் பிடித்ததும், அது வெளியிடும் 13.56 மெகாஹேர்ட்ஸ் அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, அட்டை தனது இலக்கத்தைத் தெரிவிக்கும். அந்த இலக்கம் யாருடையது என்பதைக் கணினியிலுள்ள பட்டியல் சொல்லும். ஆர்.சி.522 என்ற வாசிப்புக் கருவியையும் ஈ.எஸ்.பி.32 பலகையையும் நாம் பயன்படுத்தினோம். இணையம் துண்டிக்கப்பட்டாலும் பதிவு அழியாதிருக்க மெமரி கார்ட் ஒன்றையும், மின்தடை ஏற்பட்டாலும் நேரம் பிசகாதிருக்கத் தனிப் பட்டரியுடன் கூடிய கடிகாரச் சிப் ஒன்றையும் சேர்த்தோம்.

முதல் மாத வரவைப் பார்த்து மகிழ்ந்தோம். ஒருநாள் தரம் 10 ஆசிரியை ஒருவர் தலைகளை எண்ணிப் பார்த்தார். கணினியில் 34 பேர். வகுப்பில் 31 பேர். நுழைவாயிலில் ஒரு மாணவன் தனது அட்டையுடன் மூன்று நண்பர்களின் அட்டைகளையும் காட்டியிருக்கிறான்.

அம்மூவரில் ஒருவன், தந்தை சுகவீனமுற்றதால் ஒன்பது நாட்களாகக் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த ஒன்பது நாட்களும் அவன் பாடசாலைக்கு வந்ததாகவே எமது கணினி சொன்னது. பழைய இடாப்பாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே ஆசிரியை விசாரித்திருப்பார். 16 வயது வரை கல்வி கட்டாயமான நாட்டில், ஒரு பிள்ளையின் இடைவிலகலை நாமே மறைத்துவிட்டோம்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். நுழைவாயில் பதிவு தற்காலிகமானது; முதலாம் பாடவேளையில் வகுப்பாசிரியர் எண்ணி உறுதிப்படுத்தினால்தான் அது வரவாகும். அட்டையைக் காட்டும்போது மாணவரின் புகைப்படம் திரையில் தோன்றும். வராதோரின் பட்டியல் 8.30க்கு அதிபரிடம் செல்லும். அட்டையை மறந்து வந்த பிள்ளையின் தாய் பதறிவிடக் கூடாது என்பதால், உறுதிப்படுத்தாமல் எஸ்.எம்.எஸ். அனுப்புவதில்லை.

அட்டையில் இலக்கத்தைத் தவிர வேறெதையும் பதிய வேண்டாம். மலிவான அட்டைகளைப் பிரதி செய்வது கடினமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதிற்கொள்ளுங்கள்.

அந்த மாணவன் இப்போது வகுப்புக்கு வருகிறான். ஆசிரியை வீட்டுக்குச் சென்று பேசினார். ஊரவர் சிலர் குடும்பத்துக்கு உதவினர். எனவே, கருவிக்குப் பணம் சேர்க்க முன்னர் ஒன்றைத் தீர்மானியுங்கள்: 8.30க்கு வரும் அந்தப் பட்டியலை வாசித்து, வராத பிள்ளையின் வீட்டுக்கு அழைப்பு எடுக்கப்போவது யார்?