எழுபதும் இருபதும் பத்தும்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில், 2017–18இல் பதினொன்றாம் வகுப்பில் தொடங்கிய மாற்றத்தின்படி, இயற்பியல், வேதியியல் பாடங்கள் ஒவ்வொன்றும் 200 மதிப்பெண்ணிலிருந்து 100ஆகக் குறைக்கப்பட்டு, எழுத்துத் தேர்வுக்கு 70, ஆய்வகச் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 எனப் பகுக்கப்பட்டன. அகமதிப்பீடு என்பது வருகைப்பதிவு, வகுப்புத் தேர்வுகள், ஒப்படைவு முதலியவற்றைக் கொண்டு பள்ளியே வழங்கும் மதிப்பெண்ணாகும். தேர்ச்சிக்கு மொத்தம் 35 போதுமெனினும், எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 பெற்றாக வேண்டுமாதலால், செய்முறையை மட்டும் நம்பி எவரும் கரையேற இயலாது.

அகமதிப்பீட்டில் சேரும் வருகைப்பதிவோ எல்லோருக்கும் ஒரேபோல் எளிதன்று. எடுத்துக்காட்டாக, தேவாரம், ஏலத்தோட்ட வேலைக்காக விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்குச் செல்லும் தொழிலாளர்கள் வாழும் ஊராகும். பெற்றோர் இருட்டிலேயே புறப்பட்டுவிட, வீட்டையும் தம்பி தங்கையரையும் கவனித்துவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டிய மாணவிக்கு, வருகைப்பதிவுக்குரிய மதிப்பெண் படிப்பின் அளவுகோலாகாமல் குடும்பச் சூழலின் அளவுகோலாகிவிடக்கூடும். வருகைப்பதிவுக்கு மதிப்பெண் வழங்கும் விதியைப் பள்ளிகள் பரிவோடு கையாள்வதே நியாயம்.

செய்முறைத் தேர்வோ வேறு வகையானது. மீட்டர் சமனச்சுற்றில், அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் கொண்டு அறியாத மின்தடையைக் கணக்கிடும் கருவியில், சமன்புள்ளியைத் தானே தேடிக் கண்டு, அளவீடுகளை அன்றன்றே செய்முறைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய மாணவருக்கு, சூத்திரத்தை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடுகிறது.