லைக் எனும் மொய்

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நீளமான நோட்டு. ஊர், பெயர், தொகை. பக்கம் நிரம்பியதும் எழுதுபவர் அடியில் கூட்டிப் போட்டு, அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிக்கொள்கிறார். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து "எவ்வளவு தேறியிருக்கு?" என்று கேட்டால் நோட்டை முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை, கடைசிக் கூட்டலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். "மேலூர்க்காரங்க யார் யார் எழுதினாங்க?" என்றால்தான் பக்கங்களைத் திறக்க வேண்டும். அதைக் கேட்பவர் யார் என்று பார்த்துத்தான் நோட்டைக் கையில் கொடுப்பார்கள்.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009 பிப்ரவரி 9 அன்று வந்தது. அதற்குப் பிறகு நடந்த நல்லது கெட்டது எல்லாமே இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

ஒரு படத்துக்கு நீங்கள் லைக் போட்டால் 41 என்பது 42 ஆகிறது. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேறு. ஃபேஸ்புக்கின் கணக்கில் நீங்கள் ஒரு புள்ளி, அந்தப் படம் ஒரு புள்ளி. லைக் என்பது இரண்டையும் இணைக்கும் கோடு. அந்தக் கோட்டில் அது வரையப்பட்ட நேரமும் பதிவாகிறது. கோடு இரு திசையிலும் எழுதப்படுகிறது: இவர் இதை விரும்பினார், இது இவரால் விரும்பப்பட்டது. மொய் வாங்கியவர் வீட்டில் ஒரு நோட்டு, செய்தவர் வீட்டில் ஒரு நோட்டு இருப்பது போலத்தான்.

இந்தக் கோடுகளைக் காத்துவைக்கும் அமைப்புக்கு 'டாவ்' என்று பெயர். அதைப் பற்றி ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போதே விநாடிக்கு 100 கோடி முறை அதிலிருந்து தகவல் படிக்கப்பட்டது. வரும் வேலைகளில் 99.8 விழுக்காடு படிப்பது; எழுதுவது வெறும் 0.2 விழுக்காடு. லைக் போடுகிறவர்களைவிட லைக்கைப் பார்க்கிறவர்கள் அத்தனை மடங்கு அதிகம். ஒவ்வொரு முறையும் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் எண்ணிக்கையைத் தனி அட்டவணையில் கூட்டியே வைத்திருக்கிறார்கள். மொய் நோட்டின் அடிவரிக் கூட்டல் இதுதான்.

இந்த நோட்டுக்கு உலகம் முழுக்கப் பல படிகள் உண்டு. ஓரிடத்தில் எழுதியது மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர, பெரும்பாலும் ஒரு விநாடிக்குள்தான் என்றாலும், நேரம் பிடிக்கிறது. ஒரே பதிவின் லைக் எண்ணிக்கை உங்கள் கைப்பேசியில் ஒன்றாகவும் நண்பர் கைப்பேசியில் இன்னொன்றாகவும் தெரிவது இதனால்கூட இருக்கலாம். இரண்டுமே அந்தந்தப் படியில் சரியான எண்தான்.

வெளியாள் ஒருவர் இந்த நோட்டிலிருந்து தகவல் கேட்க ஒரு ஜன்னல் உண்டு. அதற்குப் பெயர் ஏபிஐ. ஃபேஸ்புக் 2010 ஏப்ரலில் கிராஃப் ஏபிஐயைத் திறந்தது. உலாவியில் தட்டும் முகவரி போன்ற ஒரு வரிதான் கேள்வி: இந்தப் பக்கத்தின் பதிவுகளைக் கொடு, ஒவ்வொன்றுக்கும் எழுதிய வாசகம், நேரம், லைக் எண்ணிக்கை மட்டும் போதும். ஜேசன் என்ற வடிவத்தில், மனிதருக்கும் படிக்க எளிதான எழுத்தாக, பதில் வரும். லைக் போட்டவர்களின் பட்டியலே வேண்டாம், கூட்டல் மட்டும் போதும் என்றும் கேட்கலாம். இந்த வசதியை நான் முதலில் புரிந்துகொண்டபோது மிகவும் நேர்த்தியான வடிவமைப்பு என்று வியந்தேன். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. தேவைக்கு மேல் ஒரு சொல்கூட வாங்காமல் திரும்பிவர அதில் வழி இருக்கிறது.

பதிவுகள் மொத்தமாக வந்து விழாது. பொதுவாக ஒரு முறைக்கு 25. அத்துடன் ஓர் அடையாளக் குறி. அடுத்த முறை அந்தக் குறியைக் காட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். "26ஆவதிலிருந்து கொடு" என்று கேட்டால் என்ன ஆகும்? நாம் முதல் 25ஐப் படித்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக மூன்று பதிவுகள் மேலே வந்து சேர்ந்திருக்கலாம். பழைய 23ஆவது இப்போது 26ஆவது ஆகியிருக்கும். படித்ததையே திரும்பப் படிப்போம், கணக்கு இரட்டிக்கும். புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு போல, குறி இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

பதிவின் அடையாள எண்ணைக் கையாள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ட்விட்டர் 2010இல் ஒவ்வொரு பதிவுக்கும் 64 பிட் நீள எண் கொடுக்கத் தொடங்கியது. அதில் 41 பிட்கள் நேரத்துக்கு. எண்ணைப் பார்த்தே பதிவு எந்த மில்லி விநாடியில் பிறந்தது என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு முழு எண்ணை இம்மியும் பிசகாமல் வைத்துக்கொள்ள 9,007,199,254,740,991 வரைதான் முடியும். அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடக்கூடும். நிரல் எந்தப் பிழையையும் காட்டாது. நீங்கள் கேட்டதாக நினைக்கும் பதிவு ஒன்று, ஜன்னலில் உண்மையில் கேட்டது இன்னொன்று. இதனால் ட்விட்டர் அதே அடையாளத்தை எண்ணாகவும் எழுத்துத் தொடராகவும் இரண்டு முறை அனுப்பியது. இதுபோன்ற எண்களை எழுத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஜன்னலுக்கு வருகிறவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். உங்கள் கடவுச்சொல்லைச் செயலிக்குத் தராமலே, "இன்னின்னதை மட்டும் பார்க்கலாம்" என்று நீங்கள் கொடுக்கும் அனுமதி அது. ஃபேஸ்புக்கில் குறுகிய கால டோக்கன் ஓரிரு மணி நேரம் செல்லும். நீண்ட காலத்தது ஏறத்தாழ 60 நாள்.

இந்த அனுமதியில்தான் பெரிய ஓட்டை இருந்தது. ஏபிஐயின் முதல் பதிப்பில், ஒரு செயலிக்கு நீங்கள் சம்மதித்தால் உங்கள் நண்பர்களின் லைக்குகளையும் அது கேட்டு வாங்கலாம். நண்பர்களிடம் யாரும் நேரில் கேட்கவில்லை. உங்கள் வீட்டு மொய் நோட்டைக் காட்டச் சம்மதித்தீர்கள். வந்தவர் உறவினர் வீட்டு நோட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்.

லைக்குகளில் அப்படி என்ன இருக்கிறது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகல் கோசின்ஸ்கியும் டேவிட் ஸ்டில்வெல்லும், தோரே கிரேபல் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாமாக முன்வந்த 58,466 பேரின் லைக்குகளை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க அரசியலில் ஒருவர் ஜனநாயகக் கட்சியா குடியரசுக் கட்சியா என்பதை லைக்குகளை மட்டும் வைத்து 85 விழுக்காடு சரியாகப் பிரிக்க முடிந்தது. சுருள் வடிவ உருளைக்கிழங்கு வறுவலுக்குப் போட்ட லைக், கூடுதல் அறிவுத்திறனோடு சேர்ந்து வந்தது. வறுவலுக்கும் அறிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒத்த ஆட்கள் ஒத்த இடத்தில் கூடுகிறார்கள் என்பதே விஷயம். 2015இல் வந்த அடுத்த ஆய்வு, ஒருவரின் குணத்தைக் கணிப்பதில் 10 லைக்குகள் இருந்தால் கணினி உடன் வேலை செய்பவரை முந்துகிறது என்றது. 300 இருந்தால் கணவனையோ மனைவியையோ முந்துகிறது.

அதே பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த அலெக்சாண்டர் கோகன் ஓர் ஆளுமைச் சோதனைச் செயலி வைத்திருந்தார். அதை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். நண்பர்கள் வழியாகத் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 8.7 கோடி. அந்தத் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது 2018 மார்ச்சில் அம்பலமானது. இந்தியக் கணக்கு என்னை இன்னும் உறுத்துகிறது: ஃபேஸ்புக் சொன்னபடி, இங்கே செயலியை நிறுவியவர்கள் 335 பேர்; பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2019இல் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. இங்கே சிபிஐ 2021 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மீது வழக்குப் பதிந்தது.

நண்பர்களின் தகவலைத் தரும் வாசல் இது அம்பலமாவதற்கு முன்பே, 2015 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. 2018க்குப் பிறகு மற்ற வாசல்களும் ஒவ்வொன்றாக இறுகின. பெயர்களைப் பூட்டியது சரி. ஆனால் எண்ணிக்கையையும் சேர்த்துப் பூட்டினார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

பொதுப் பக்கங்களில் எந்தப் பதிவு எவ்வளவு லைக், எவ்வளவு ஷேர் பெற்றது என்று பார்க்க 'கிரவுட்டேங்கிள்' என்ற கருவி இருந்தது. லைக் போட்ட தனிநபர்களின் பட்டியல் அதில் கிடையாது, கூட்டல்தான். வதந்தி எந்தப் பக்கத்தில் தொடங்கி எவ்வளவு வேகமாகப் பரவியது என்று செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் அதை வைத்துத்தான் கண்டுபிடித்துவந்தார்கள். 2024 ஆகஸ்ட் 14 அன்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அதை மூடியது. மாற்றாக வந்த உள்ளடக்க நூலகத்துக்கு விண்ணப்பித்து, தகுதி பார்த்து, அனுமதி கிடைத்தால்தான் நுழையலாம். ட்விட்டர் 2021 ஜனவரி முதல் ஆய்வாளர்களுக்கு மாதம் 1 கோடி பதிவுகளை இலவசமாகத் தந்தது. நிர்வாகம் மாறிய பின், 2023இல், மாதம் 100 டாலர் கட்டியவருக்கு 10,000 பதிவுகள்தான் கிடைத்தன. நம் கல்லூரிகளில் சமூக ஊடகங்களை ஆய்வு செய்யும் மாணவருக்கு அது எட்டும் விலையாக இருக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவில், பெரிய தளங்கள் பொதுவில் உள்ள தகவலை ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. வேண்டும். பெயர்ப் பட்டியலைக் காப்பதும் கூட்டலைத் திறந்துவைப்பதும் ஒன்றையொன்று கெடுப்பவை அல்ல. டாவ் அமைப்பிலேயே இரண்டும் தனித்தனி அட்டவணையில்தான் இருக்கின்றன.

சட்டம் வரும்போது வரட்டும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கின் அமைப்புகளில் 'செயலிகளும் வலைத்தளங்களும்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு விளையாட்டுக்காகச் சம்மதம் கொடுத்த பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். வேண்டாதவற்றை நீக்குங்கள். நீக்கிய பின் அந்தச் செயலிக்குப் புதிய தகவல் எதுவும் போகாது. ஏற்கெனவே எடுத்துவைத்ததை அழிக்கச் சொல்லி மட்டும், அந்தச் செயலியை நடத்துபவருக்கு நீங்கள்தான் தனியாக எழுத வேண்டும்.